துவக்கு கொண்டுபோகக் கடிதம்

கடிதம் கைக்குக் கிடைத்தபோது, கடை முதலாளி முன்ஸிப்புக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பதுளை ஆபீசில் கந்தோர்க்காரர் மூன்று முத்திரை குத்தி, கீழே ஒரு கையெழுத்தைக் கிறுக்கி நீட்டினார். இவர் இரண்டு கையாலும் வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் விண் விண்ணென்று தெறித்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதன் ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாகப், பஸ்ஸிலும் படிக்கட்டிலும் அலைந்தால் முழங்கால் பின்னே சும்மாவா இருக்கும்?

விஷயம் என்னவோ சின்ன விஷயம்தான். தம்பி ஜௌபர் மௌத்தாகிவிட்டான். அவன் பெயரில் ஒரு துவக்கு இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசன் எடுத்த ஒற்றைக் குழாய்த் துப்பாக்கி. லைசன்காரன் போய்விட்டால் துவக்கைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். அதற்குக் கொடுத்த தவணை வியாழக்கிழமையோடு சரி. அதற்குப் பிறகும் வீட்டில் கிடந்தால் அது லைசன் இல்லாத துவக்கு, வைத்திருக்கிறவர் உள்ளே போக வேண்டியதுதான். வைத்திருக்கிறவர் என்றால் வேறு யார்? ஜௌபருடைய பெண்சாதி ஸுபைராதான். யானைக்குப் புருசனைப் பறிகொடுத்தவளை, இத்தாவில் வீட்டோடு துக்கம் காக்கிறவளை, துவக்கு வைத்திருந்தாள் என்று பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்.

சரி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். முன்ஸிப்பும் முதலில் அப்படித்தான் நினைத்தார், பாவம்.

ஜௌபரின் வீடு குளத்துக்கு அக்கரையில். லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்குகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் அந்தக் குளம் வரும். இக்கரையில் ரோடும் அவனுடைய வாழைத் தோட்டமும். அக்கரையில் வீடு. நடுவில் இருந்த பாலத்தைப் போன கார்த்திகைப் புயல் வாரிக்கொண்டு போனதிலிருந்து போக வர எல்லாம் தோணிதான். குளத்தின் ஒரு பக்கம் காடு என்பதால் வனசீவிக்காரர்கள் போட்டில் சுற்றி வருவார்கள். ஒரு தோணியில் துவக்கைக் கண்டுவிட்டால் போதும், அவர்கள் கண்ணுக்கு அது மான் வேட்டை.

பொலிஸில் போய்க் கேட்டால், துவக்கைக் கொண்டுவாங்க என்றார்கள். தண்ணியில் கொண்டுவர வேண்டுமே என்றால், வனசீவியில் கேளுங்க என்றார்கள். வனசீவியில், குளம் எங்களுடையதில்லை, நீர்ப்பாசனத்தில் கேளுங்க. நீர்ப்பாசனத்தில், எங்களுக்குத் தண்ணீர்தான் கணக்கு, துவக்கில்லை, பதுளைக்குப் போங்க. பதுளையில் ஐயா இருந்த நாளில் பைல் இல்லை. பைல் இருந்த நாளில் ஐயா இல்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். ஒருவழியாகப் புதன்கிழமை பின்நேரம் நாயும் கல்லும் ஒரே மேசையில் அகப்பட்டன. கடிதம் வந்தது.

முன்ஸிப் இத்தனை அலைச்சலையும் ஒருவரிடமும் குறை சொல்லாமல் அலைந்தார். ஊரில் அதைப் பார்த்து, தம்பி மேல் என்ன பாசம் என்றார்கள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடியில் ஒன்று கிடந்தது, அதை அவர் பெண்சாதியிடம்கூடச் சொன்னதில்லை.

பாலம் உடைந்த பிறகு ஒருநாள் ஜௌபர் இவருக்குப் போன் எடுத்தான். முந்தியெல்லாம் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தால் நடந்து தோட்டத்துக்குப் போவான், யானை நின்றால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பான். பன்னிரண்டு வருசத்தில் ஒரு உயிரை அவன் சுட்டதில்லை. இப்போது தோணியில்தான் போக வேண்டியிருக்கு நானா, துவக்கைத் தோணியில் ஏத்தலாமா என்று கேட்டான். ஊரில் யாருக்கு எந்தச் சட்டம் தெரியவேண்டுமென்றாலும் முன்ஸிப் முதலாளியின் கடைக்குத்தான் வருவார்கள். காணிப் பத்திரமா, மரணச் சான்றிதழா, வாய் திறந்து தெரியாது என்று அவர் சொன்னதே கிடையாது. சொன்னால் முதலாளியின் மரியாதை என்னாவது? மூன்று வருசத்துக்கு முன் குளத்தில் இரண்டு பேரைத் துவக்கோடு பிடித்து, தோணியையும் பறித்த கதை அவர் காதில் விழுந்திருந்தது. அந்தக் கதையை வைத்தே பதில் சொல்லிவிட்டார். கடிதம் இல்லாமல் தண்ணியில் துவக்குக் கொண்டுபோகக் கூடாது, பிடித்தார்களென்றால் உன் பெயரும் போகும், என் பெயரும் போகும், வீட்டில் வைத்துவிட்டுப் போ என்றார். ஜௌபர், மூத்தவரான தன் நானாவின் சொல்லைத் தட்டுகிறவன் இல்லை. வைத்துவிட்டுத்தான் போனான். தை மாதம் ஒருநாள் விடிய வாழைக்குள் நின்ற யானைக்கு முன்னால் வெறும் கையோடு போய் நின்றான்.

அன்றிலிருந்து முன்ஸிப்புக்கு நித்திரை சரியில்லை. போனதைத் திருப்ப முடியாது. இனி அந்த வீட்டின் மேல், அந்தத் துவக்கால், ஒரு தூசியும் விழக்கூடாது. இதையாவது ஒழுங்காகச் செய்து முடிக்க வேண்டும். அந்த ஒரு நினைப்பில்தான் மனிதன் நடந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் துறைக்குப் போய் நின்றார். தோணிக்காரன் விஜேந்திரன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், கொழுந்து மலையை விட்டிறங்கி இந்தக் குளத்தில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறான். துவக்கு என்றதும் ஏற்றிய ஆளையே இறக்கிவிடப் பார்த்தான். தோணி போச்சுன்னா என் அடுப்பே அணைஞ்சிருங்க மொதலாளி, பெரிய ஆபீசு லெட்டரு குடுத்தாலும் தண்ணியில நிக்கிறவன் ஒத்துக்கணுமே, சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமில்ல என்று இழுத்தான். முன்ஸிப் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். மூன்று முத்திரையையும் எட்டிப் பார்த்த பிறகுதான் இஞ்சினை இழுத்தான். அதிலும் ஒரு நிபந்தனை: துவக்கை ஒளிக்கக்கூடாது, மடித்துத் திறந்து, தோட்டாவை வேறாக வைத்து, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நடுத் தோணியில் கிடக்க வேண்டும்.

அக்கரையில் ஜௌபரின் மகள் ஜிப்னா வாசலுக்கு வந்து, பெரியவாப்பா வாங்க என்று கூட்டிக்கொண்டு போனாள். இருபத்திநாலு வயது, பிபிலையில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்க நின்றவள், வாப்பா போன பிறகு வேலையை விட்டுவிட்டு உம்மாவோடு இருக்கிறாள். விடியற்காலை தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் இப்போது அவள்தான். ஸுபைரா உள்ளறையில், கதவுத் திரைக்குப் பின்னால். புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் அன்னிய ஆண் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். புருசனின் நானாவும் அந்தக் கணக்கில் அன்னியந்தான். மௌலவி, அவசரத் தேவைக்கு வெளியே இறங்கலாம் என்று சொல்லி அனுப்பியும் அவள் ஒரு நாள் வாசல்படி தாண்டவில்லை. பல்லு வலியில் கன்னம் வீங்கியபோதும் தாண்டவில்லை. அவருக்கு நான் இனிச் செய்ய இது ஒன்டுதானே இரிக்கு என்றாளாம்.

திரைக்குப் பின்னாலிருந்து ஸலாம் சொன்னாள். ஜிப்னா துவக்கைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தினாள். எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது. முன்ஸிப்புக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. கை சும்மா இருக்காமல் கடிதத்தை எடுத்து, இந்தா பிள்ளை, உம்மாவுக்கு வாசித்துக் காட்டு, அவவும் கேட்கட்டும் என்று நீட்டினார்.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும், கடிதம் சிங்களத்தில். முன்ஸிப் முதலாளி சிங்களம் தண்ணியாகப் பேசுவார், பேரம் பேசுவார், சண்டையும் பிடிப்பார். வாசிக்க மட்டும் வராது. வராதென்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கந்தோரில், இதில் என்ன எழுதியிருக்கு என்று கேட்க முதலாளி என்ற அந்த மரியாதை விடவில்லை.

ஜிப்னா வாசித்துக்கொண்டே போனவள் நடுவில் நின்றாள். திரும்ப மேலே போய் வாசித்தாள்.

“பெரியவாப்பா, இதுல உங்கட பேர் இல்ல. இறந்தவர்ட மனைவி, துவக்குக்குப் பொறுப்பா இருக்கிற ஸுபைரா உம்மா, தானே கொண்டுபோய் ஒப்படைக்க அனுமதி என்டுதான் போட்டிருக்காங்க. இன்டைக்குப் பின்நேரம் நாலு மணி வரைக்கும்.”

முன்ஸிப் கதிரையில் இருந்தபடியே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். யா அல்லாஹ், ஆறு கிழமை அலைந்து வாங்கி வந்தது இதையா? பதுளைக்குத் திரும்பப் போய் மாற்றி எடுக்க நேரமில்லை. பேசாமல் நானே எடுத்துக்கொண்டு போகிறேன், நடப்பது நடக்கட்டும், பிடித்தால் நான் உள்ளே இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு ஆறுதல்கூட வந்தது, உண்மையைச் சொன்னால். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த விஜேந்திரன் தலையை ஆட்டிவிட்டான். பேரு இல்லாத ஆளு கையில துவக்க ஏத்த மாட்டேங்க, அடிச்சாலும் மாட்டேங்க என்று தோணிப் பக்கம் இறங்கி நடந்தான்.

 பிறகு திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தோணிக்காரரப் போகச் சொல்ல வேணாம். நான் வாறேன்.”

முன்ஸிப் வேண்டாமென்றார். ஜிப்னாவும் வேண்டாமென்றாள், தவணை கேட்டுப் பார்ப்போம் என்றாள்.  உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முன்ஸிப் எழும்பி வெளியே போய், முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். கட்டிக் காத்த இத்தாவையும் நான்தான் கெடுக்கிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். 

தோணியில் முன்ஸிப் முன்னால், எல்லாருக்கும் முதுகு காட்டி இருந்தார். பின்னால் தலை முதல் கால்வரை கறுப்பில் ஸுபைரா, பக்கத்தில் ஜிப்னா. இவர்களுக்கு நடுவில், பலகை மேல், வாயைப் பிளந்துகொண்டு துவக்கு. தோட்டாக்கள் ஒரு பிஸ்கட் டின்னில், ஜிப்னாவின் மடியில். நாலு மாதத்துக்குப் பிறகு வெயிலைப் பார்க்கிற பொம்பிளைக்குக் கண் கூசியிருக்க வேண்டும். தண்ணியில் கையை நனைத்து முகத்தில் வைத்துக்கொண்டாள் என்று ஜிப்னா பிறகு சொன்னாள்.

பாதிக் குளம் தாண்டியிருப்பார்கள், காட்டுப் பக்கமிருந்து வனசீவி போட் வந்துவிட்டது. விஜேந்திரன் தானாகவே இஞ்சினை நிறுத்தி இரண்டு கையையும் மேலே தூக்கினான். போட்டில் இருந்த அதிகாரி சிறுவயதுக்காரர். துவக்கைப் பார்த்தார், கடிதத்தை வாங்கி ஒரு வரி விடாமல் வாசித்தார், இதில் ஸுபைரா உம்மா யார் என்று கேட்டார். முன்ஸிப் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து ஸுபைரா, நான்தான் என்று சிங்களத்தில் சொன்னாள். அடையாள அட்டையை ஜிப்னா நீட்டினாள். அதிகாரி துவக்கின் இலக்கத்தைக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு கறுப்பு உடுப்பைப் பார்த்து, எந்த வீடு என்று விசாரித்து, யானைச் சம்பவமா என்று மெல்லக் கேட்டார். தன் தொப்பியைக் கழற்றினார், போங்க என்றார். போட் ஒதுங்கியது. கடிதத்தில் பெயர் இல்லாமல் நானே துவக்கைக் கொண்டு வந்திருந்தால் இந்நேரம் தோணிக்காரன் உட்பட எல்லாரும் எங்கே இருந்திருப்போம் என்று முன்ஸிப் நினைத்துப் பார்த்தார்.

ரோட்டில் ஒரு த்ரீவீல் பிடித்துப் பொலிஸுக்குப் போனபோது பதினொன்றரை. பதிவுப் புத்தகத்துக்கு முன்னால் இருந்த சார்ஜன்ட் வயதானவர், ஓய்வுக்குக் கிட்டிய ஆள், ஒவ்வொரு எழுத்தையும் யோசித்து யோசித்து எழுதினார். ஸுபைராவுக்குக் கதிரை போடச் சொன்னார். முன்ஸிப் சுவரோடு நின்றார். இலக்கம் எழுதினார், லைசன் புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்தார், தோட்டாக்களை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. முன்ஸிப் ஒரு நீளமான மூச்சை விட்டார். முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ், ஒரு காரியமாவது முடிந்தது.

அப்போது சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு, மனசு கேட்காமல் ஒன்று கேட்டார். துவக்கு இருந்த மனிதன்தானே, அன்று ஏன் கையில் இருக்கவில்லை என்றார்.

ஸுபைரா சிங்களத்தில் சொன்னாள், தண்ணியில் துவக்குக் கொண்டுபோகக் கடிதம் வேண்டுமாம், அதனால் வைத்துவிட்டுப் போனார் என்று.

சார்ஜன்ட் புருவத்தைச் சுருக்கினார். அவருக்கு எதற்கம்மா கடிதம் என்றார். லைசன் அவர் பெயரில், துவக்கு அவருடையது, போவது அவருடைய தோட்டத்துக்கு. லைசனைக் கையில் வைத்துக்கொண்டு, தோட்டாவை வெளியே எடுத்து, துவக்கைத் திறந்தபடி கொண்டுபோனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? வனசீவிக்காரர் நிறுத்தினாலும் லைசனைப் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள். கடிதம் இப்போதுதான் வேண்டியிருந்தது, உங்கள் பெயரில் லைசன் இல்லாதபடியால். இதை ஒரு வார்த்தை இங்கே வந்து கேட்டிருக்கலாமே, யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்றார்.

சுவரில் மின்விசிறி ஒன்று கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஜிப்னா உம்மாவைப் பார்த்தாள். உம்மாவுக்கும் தெரியவில்லை. யாரோ சொல்லி இருக்காங்க என்று மட்டும்தான் அவளுக்கும் தெரியும். ஜௌபர் தன் நானாவின் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

முன்ஸிப் பேசாமல் நின்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சார்ஜன்டும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவர் புத்தகத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.  இத்தனை நாள் சுமந்தது போதுமென்று இருந்தது அவருக்கு. சார்ஜன்டுக்கு விளங்காதபடி தமிழில்தான் சொன்னார்.

“நான்தான் சொன்னேன் ஸுபைரா. அவன் போன் எடுத்துக் கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாதென்டு சொல்ல வெட்கத்தில, கூடாது என்டு சொன்னேன்.”

ஸுபைரா திரும்பவில்லை. முகத்திரைக்குள் என்ன நடந்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். சார்ஜன்ட் பேனையை நீட்டினார். அவள் வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அது கோணாமல் நேராகத்தான் இருந்தது. ஜிப்னா பெரியவாப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டு, பற்றுச்சீட்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது தோணியில் ஒரு சொல் இல்லை.  நடுப்பலகை வெறுமையாகக் கிடந்தது. முன்ஸிப் முன்னால் இருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏசட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், தாங்கிக்கொள்ளலாம். இந்தப் பேசாமைதான் தாங்க முடியவில்லை. இவர்களை வீட்டில் விட்டுவிட்டு அவர் அதே தோணியில் இக்கரைக்குத் திரும்ப வேண்டும்.

தோணி அக்கரையில் முட்டியது. ஜிப்னா முதலில் இறங்கி உம்மாவின் கையைப் பிடித்தாள். ஸுபைரா இறங்கி நாலு அடி ஏறியவள் நின்றாள். முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

“நானா.”

முன்ஸிப் எழும்பி நின்றார். தோணி ஆடியது.

“ஊட்டுல இனித் துவக்கு இல்ல. நாளைக்கும் விடிய ஜிப்னாதான் தோட்டத்துக்குப் போகணும். நீங்க வந்து அவளுக்கு முன்னால நடங்க.”

அவ்வளவுதான். மேலே ஏறி வீட்டுக்குள் போய்விட்டாள். கதவு சாத்தப்பட்டது.

விஜேந்திரன் தோணியைத் திருப்பினான். குளம் பாதி தாண்டியதும் முன்ஸிப் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு உன் தோணியில் தோட்டத்துக்கு வருவாள் என்று கேட்டார். அஞ்சரைக்குங்க என்றான் அவன். ஐந்து மணிக்கே தான் துறையில் நிற்பதாக முன்ஸிப் சொன்னார்.